வேடம் கலையாத களம்: கொங்கு நிகழ்த்துகலைகளும் பால்புதுமையர், நரம்பியல் பன்மையருக்கான பங்கேற்பு அரங்கும்

நாமக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் மாரியம்மன் நோம்பியில், ஆண்பிள்ளையென வளர்க்கப்பட்ட ஒருவர் குறத்தி வேடம் கட்டி ஊர் முன்னால் ஆடினார். மாறுவேடம் என்ற பெயரில் ஊர் அதை ஏற்றுக்கொண்டது. வேடத்தைக் கலைத்து ஆணுடைக்குத் திரும்பியபோதுதான் தாம் வேடமிட்டிருப்பதாக அவர் உணர்ந்தார். திருநங்கை எழுத்தாளர் ரேவதியின் தன்வரலாறு 2010இல் ஆங்கிலத்திலும் 2011இல் ‘வெள்ளை மொழி’ என்ற பெயரில் தமிழிலும் வெளிவந்தது. அதில் வரும் இந்த நிகழ்ச்சி கொங்கு நாட்டு நிகழ்த்துகலை மரபின் இரு முகங்களையும் ஒருசேரக் காட்டிவிடுகிறது. இங்கே களம் உண்டு, களத்தில் இடமும் உண்டு. ஆனால் அந்த இடத்துக்குத் தவணை உண்டு. நோம்பிக்கு நட்ட கம்பத்தைப் பிடுங்கும்வரை மட்டுமே செல்லும் அனுமதி அது.

அந்தத் தவணையைப் பற்றியதே இக்கட்டுரை. பால்புதுமையரும், ஆட்டிசம், கவனக்குறைவு மிகைச்செயல்பாடு (ADHD), டிஸ்லெக்சியா, டூரெட் போன்ற நிலைகளோடு வாழும் நரம்பியல் பன்மையரும் சேர்ந்து ஆடவும் பாடவும் கதை சொல்லவும் கோயம்புத்தூரில் ஓர் அரங்கு வேண்டுமென்றால், அதற்கான வடிவத்தை இலண்டனிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இறக்குமதி செய்யத் தேவையில்லை. கொங்கின் கும்மியும் கூத்தும் உடுக்கடிக் கதையும் அந்த வடிவத்தில் பெரும்பகுதியை ஏற்கெனவே கொண்டிருக்கின்றன. இல்லாதது திறந்த கதவு. அந்தக் கதவில் சாதியும் திருமணமும் காவல் நிற்கின்றன. வடிவத்தை எடுத்துக்கொண்டு காவலை விலக்குவது எப்படி என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இரண்டு சமூகங்களை ஏன் ஒன்றாகப் பேச வேண்டும்? கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2020இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு 6,41,860 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. பிறப்பில் குறித்த பாலோடு பொருந்தி வாழ்பவர்களைவிட, பால்மாறியவர்களிடமும் பால்பன்மை கொண்டவர்களிடமும் ஆட்டிசம் கண்டறியப்பட்டிருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 3 முதல் 6 மடங்கு அதிகம் என்பது அதன் முடிவு. இரண்டு பட்டியல்களிலும் ஒரே ஆளின் பெயர் வருவது அரிதல்ல என்று பொருள். இருந்தாலும் இவ்விரு சமூகங்களையும் இணைக்கும் வலுவான காரணத்தை நான் அந்தப் புள்ளிவிவரத்தில் தேடமாட்டேன். கொங்கு வீடுகளின் ஆசாரத்தில்தான் தேடுவேன். ஆணை விரும்பும் மகனுக்கும், கூட்டத்தைக் கண்டால் காதைப் பொத்திக்கொள்ளும் மகளுக்கும் இங்கே சொல்லப்படும் மருந்து ஒன்றேதான்: ‘ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா எல்லாஞ் சரியாப் போயிரும்.’ இருவரையும் மறைத்து வைப்பதற்குச் சொல்லப்படும் காரணமும் ஒன்றே. கூடப் பிறந்தவர்களுக்கு வரன் அமையாது. சீர், பங்காளி, மாமன் மச்சான் என்று விரியும் உறவு வலையில் ஒரு கண்ணி அறுந்தால் வலை முழுதும் அவிழ்ந்துவிடும் என்ற அச்சம், இவ்விருவரையும் ஒரே பின்கட்டில் உட்கார வைத்திருக்கிறது.

களத்தின் இயல்பு

கொங்குக் கூத்து விடிய விடிய நடப்பது. சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது. சேலம் மாவட்டம் ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணன் முன்னின்று நடத்தும் களரி அமைப்பு அந்த இரவைக் காப்பாற்றி வருகிறது. கூத்துப் பார்க்க வருபவர் பாயோடு வருகிறார். பாதியில் தூங்குகிறார், தமக்குப் பிடித்த கட்டத்தில் எழுந்து உட்காருகிறார். குழந்தைகள் ஆடுகளத்தின் ஓரம்வரை ஓடுகிறார்கள். கோமாளி பார்வையாளரிடம் வாயைக் கொடுக்கிறார், அவரும் பதில் சொல்கிறார். எழுந்து போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, திரும்பி வந்தால் எங்கே போனாய் என்று கேட்பதில்லை. கதை எல்லோருக்கும் முன்பே தெரியும். அதனால் திடுக்கிட வைக்கும் திருப்பம் எதுவும் காத்திருக்கவில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதும், திரும்பத் திரும்ப வரும் தாளமும் அடவும் ஆட்டிசம் நிலையாளர் பலருக்குப் பற்றுக்கோடு. கூத்து அதை யாருக்காகவும் தனியாகச் செய்யவில்லை, அதன் கட்டமைப்பே அப்படி.

மேற்கே 2010-களில் ‘ரிலாக்ஸ்டு பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பெயரில் ஒரு நடைமுறை பரவியது. பார்வையாளர் பேசலாம், அசையலாம், வெளியே போய்த் திரும்பி வரலாம். விளக்கு முழுதும் அணைக்கப்படாது. திடீர் ஒலி குறைக்கப்படும். கதைச் சுருக்கம் முன்கூட்டியே தரப்படும். டூரெட் நிலையாளரான கலைஞர் ஜெஸ் தாம் நடத்தும் டூரெட்ஸ்ஹீரோ குழுவோடு சேர்ந்து இலண்டனின் பேட்டர்சீ கலை மையம் 2020இல் இந்த நடைமுறையைத் தன் முழு வளாகத்துக்கும் பொதுவாக்கியது. அதை நான் மதிக்கிறேன். அமைதியை ஒழுக்கமாக்கிய அரங்க மரபு தன் தவறைத் தானே திருத்திக்கொண்ட தருணம் அது. ஆனால் அந்தத் தவறை நாம் கடன் வாங்கியவர்கள். கோயம்புத்தூரின் சரோஜினி நடராஜ் கலையரங்கமும் நானி கலையரங்கமும் இந்நகரின் இசைக்கும் நாடகத்துக்கும் ஆற்றிய பணி பெரிது. எனினும் எண்ணிட்ட இருக்கை, அணைந்த விளக்கு, மூடிய கதவு, ஒரே திசையிலிருந்து வரும் ஒலிபெருக்கி என்ற அமைப்பு, ஓர் உடல் இரண்டு மணி நேரம் அசையாமலும் ஓசையெழுப்பாமலும் இருக்கும் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. இது எந்தத் தனி அரங்கின் குறையும் இல்லை, அரங்க வடிவத்தின் குறை.

இந்த இடத்தில் நோம்பியைப் போற்றிப் பாடிவிடும் ஆபத்தும் இருக்கிறது. துடும்பு, ஜமாப்பு மேளங்களும் ஒலிபெருக்கியும் வாணவெடியும் சேர்ந்த கொங்கு நோம்பி, புலனுணர்வு கூர்மையான ஒருவருக்குச் சித்திரவதையாகவே இருக்கக்கூடும். அப்படியானால் அது எப்படி இடம் தருகிறது? தொலைவின் வழியாக. திறந்த வெளியில் ஒலியின் அளவை அவரவர் கால்களே தீர்மானிக்கின்றன. பத்தடி பின்னால் போனால் பறை தணிகிறது, அரச மரத்தடிக்குப் போனால் வெறும் தாளமாகிறது, வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்டால் தாலாட்டு. கலந்துகொள்வதற்கும் விலகி நிற்பதற்கும் நடுவே எத்தனையோ படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் நிற்பவரும் நோம்பிக்கு வந்தவர்தான். ‘உள்ளே’, ‘வெளியே’ என்ற இரண்டே நிலைகளைத் தெரிந்த மண்டபத்தில் இது முடியாது. பங்கேற்பு அரங்கைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தத் தொலைவுதான். பார்வையாளரைக் கைபிடித்து மேடைக்கு இழுப்பதே பங்கேற்பு என்று நம்பும் நவீன நாடகப் பயிற்சியாளர்கள், தொடுதலையும் கண்ணோடு கண் நோக்குவதையும் தாங்க முடியாதவர்களை அறியாமலேயே விரட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு சான்று அண்ணன்மார் கதை. பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் உடுக்கடிப் பாட்டாகப் பதிவு செய்த இந்தப் பொன்னர் சங்கர் கதையின் உச்சம் படுகளம். வீரர்கள் களத்தில் விழுகிறார்கள். அருள் வந்து விழுபவரின் உடல் அவர் வசத்தில் இருப்பதில்லை. ஊர் அந்த உடலைத் தாங்கிப் பிடிக்கிறது, கிடத்துகிறது, காவல் இருக்கிறது. வீரர்களின் தங்கை தங்காள் தீர்த்தம் தெளித்து எழுப்பும்வரை யாரும் அவசரப்படுத்துவதில்லை. தன் உடலைத் தானே கட்டுப்படுத்த இயலாத நிலையை அவமானமாகக் கருதாத ஓர் அரங்கு இது. ஒரு சிறப்புக் குழந்தை பேருந்தில் அலறினால் முகம் சுளிக்கும் அதே ஊர், படுகளத்தில் துடிக்கும் உடலுக்குத் தண்ணீர் தருகிறது. தாங்கும் ஆற்றல் ஊருக்கு இருக்கிறது. யாரைத் தாங்குவது என்ற முடிவுதான் வேறெங்கோ எடுக்கப்படுகிறது.

காவல்

அந்த முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதற்கு வள்ளி கும்மியே தெளிவான சாட்சி. முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் உருமாறி வள்ளியை அடையும் கதையை வட்டமிட்டு ஆடிப் பாடும் இக்கலை, ஒரு காலத்தில் ஆண்களின் ஆட்டம். மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த எம். பத்திரப்பன் மரபை மீறிப் பெண்களுக்கும் வள்ளி ஒயில் கும்மியைக் கற்றுக்கொடுத்தார். இந்திய அரசு 2024இல் அவருக்கு பத்மஸ்ரீ அளித்தபோது அவர் வயது 87. இன்று கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் நூற்றுக்கணக்கில், சில அரங்கேற்றங்களில் ஆயிரக்கணக்கில், ஆடுபவர்கள் பெண்கள். ஆணுக்கென்று இருந்த கலை ஒரே தலைமுறையில் பெண்ணுடையதாக ஆகிவிட்டது. வட்டம் உடையவில்லை, மெட்டு கெடவில்லை. ‘மரபு கெட்டுவிடும்’ என்று சொல்வோருக்கு இதைவிடப் பெரிய மறுப்பு தேவையில்லை.

ஆனால் அதே வட்டத்தில் வேறொன்றும் நடந்தது. வள்ளி கும்மி அரங்கேற்றம் ஒன்றில், சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிப்போம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்க வைத்த காணொளி பரவிப் பெரும் விவாதமானது. இதில் உள்ள முரண் கலைக்கே எதிரானது. வள்ளி வேடர் குடியில் வளர்ந்தவள். அவள் கதை களவு மணத்தின் கதை. பெற்றோர் குறித்த மாப்பிள்ளையை அவள் ஏற்றதாக எந்தக் கும்மியும் பாடுவதில்லை. பாட்டில் களவும் மேடையில் கட்டுப்பாடும் என்று ஒரே நாளில் இரண்டையும் கேட்கும் இளம்பெண் எதைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவாள்? 2015இல் கோகுல்ராஜையும் 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரையும் சாதிவெறிக்குப் பறிகொடுத்த மண் இது. சாதி மீறிய ஆண்–பெண் காதலையே கொல்லும் இடத்தில், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கைகோத்துக் கும்மி வட்டத்தில் நிற்பது என்பது அரங்கியல் சோதனை மட்டுமல்ல, உயிர் சார்ந்த விஷயம்.

தெய்வ மரபு நம்மைக் காப்பாற்றும் என்று நம்புவோர் உண்டு. திருச்செங்கோட்டு மலைமேல் பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் நிற்கும் இறைவனைக் கொங்கு நாடு கும்பிடுகிறது. கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் கூத்தாண்டவர் வழிபாடு இருக்கிறது. கூவாகத்தில் சித்திரைதோறும் திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுகிறார்கள். இந்த மரபுகளின் செழுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் கும்பிடுவதும் குடிவைப்பதும் ஒன்றாகிவிடாது. அர்த்தநாரீசுவரரின் தேர்த்திருவிழாவைக் களமாகக் கொண்டு, குழந்தையில்லாத ஒரு தம்பதியின் துயரத்தை எழுதிய பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலுக்கு 2014 இறுதியில் என்ன நேர்ந்தது என்பதை அறிவோம். நூல் எரிக்கப்பட்டது, 2015 ஜனவரியில் எழுத்தாளர் தம்மைத் தாமே இறந்தவராக அறிவித்துக்கொண்டார், 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே அவர் மீண்டும் எழுத முடிந்தது. திருவிழா இரவில் விதிகள் தளர்ந்தன என்று நாவலில் எழுதியதையே பொறுக்க முடியாத சமூகம், விதிகள் நிரந்தரமாகத் தளர்வதை எளிதில் பொறுக்காது. கூவாகமும் ஆண்டுக்கு ஒருமுறைதான். அங்கும் அனுமதி ஒரு திருமணத்தின் வடிவிலேயே தரப்படுகிறது. அந்தத் திருமணம் ஓர் இரவுக்குமேல் நீடிப்பதில்லை.

சாட்சியும் ஆண்டுவிழாவும்

மரபுக் களத்துக்கு வெளியே, கடந்த கால் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் இரண்டு நீரோட்டங்கள் தனித்தனியே ஓடியிருக்கின்றன. ஒன்று பால்புதுமையர் அரங்கு. 2000-களில் திருநங்கையரைக் கொண்ட கண்ணாடிக் கலைக்குழுவோடு அ. மங்கை நாடகங்களை உருவாக்கினார். பிறகு லிவிங் ஸ்மைல் வித்யாவும் தோழர்களும் ‘பான்மை’ நாடகக் குழுவைத் தொடங்கினர். ரேவதி தம் வாழ்க்கையைத் தாமே தனிநடிப்பாக மேடையேற்றினார். பொள்ளாச்சியில் பிறந்த கல்கி சுப்ரமணியம் 2008இல் சகோதரி அமைப்பைத் தொடங்கித் திருநங்கையரும் திருநம்பியரும் ஓவியம் தீட்டப் பயிற்சியளித்தார். மற்றது மாற்றுத்திறனாளிகளின் கலைவெளி. சென்னையில் 1989இல் அம்பிகா காமேஸ்வர் தொடங்கிய ரசா அமைப்பு, நடனத்தையும் நாடகத்தையும் அறிவுசார் வளர்ச்சி மாறுபாடு கொண்டோரின் அன்றாடப் பயிற்சியாகவே ஆக்கியது. கோவை முதலிய நகரங்களின் சிறப்புப் பள்ளிகளும் பாட்டையும் ஆட்டத்தையும் கைவிட்டதில்லை.

இரண்டும் மதிப்புள்ளவை, ஆனால் இரண்டுக்கும் பார்வைக் குறை ஒன்று உண்டு. முதலாவதன் ஆதார வடிவம் சாட்சியம். ‘நான் யார், எனக்கு என்ன நேர்ந்தது’ என்று பார்வையாளரின் கண்ணைப் பார்த்துச் சொல்வது. அந்தச் சொல்லுக்கு இருந்த அரசியல் தேவை பெரியது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த தீர்ப்புக்கும், 2018 செப்டம்பர் 6 அன்று 377ஆம் பிரிவைத் தளர்த்திய தீர்ப்புக்கும் பின்னால் இத்தகைய எண்ணற்ற சாட்சியங்களின் உழைப்பு இருக்கிறது. ஆயினும் பேச்சே சாட்சியத்தின் நாணயம் ஆகும்போது, பேசாதவரும், பேச்சு திக்குபவரும், நினைவை வரிசைப்படுத்திச் சொல்ல இயலாதவரும் தங்கள் வாழ்வுக்குச் சாட்சி ஆக முடியாமல் போகிறார்கள். துயரத்தைத் திரும்பத் திரும்ப நிகழ்த்திக்காட்டுவது நிகழ்த்துபவரைக் காயப்படுத்தும் என்பதும் இந்த அரங்கினர் நன்கு அறிந்ததே.

இரண்டாவதன் ஆதார வடிவம் ஆண்டுவிழா. பெற்றோரும் ஆசிரியரும் தேர்ந்தெடுத்த பாட்டு, தைத்துக்கொடுத்த உடை, மேடைக்குக் கீழே நின்று கையசைத்துக் காட்டும் ஆசிரியை, முடிவில் கண்ணீரோடு கைதட்டல். அந்தக் கண்ணீர் உண்மையானது. பல தாய்மார்கள் தங்கள் பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்திய ஒரே நாள் அது. ஆனால் அந்த மேடையில் நிற்பவருக்கு வயது முப்பது ஆனாலும் அவர் குழந்தைதான். கண்ணன் வேடமா ராதை வேடமா என்பதை அவருடைய பள்ளிப் பதிவேட்டில் உள்ள பால் தீர்மானிக்கிறது. தனக்குப் பிடித்த உடை எது, தான் விரும்புவது யாரை என்று அவரிடம் கேட்பதற்கான இடம் அந்த வடிவத்தில் இல்லை. ஆக, திருநங்கையாகவும் ஆட்டிசம் நிலையாளராகவும் இருக்கும் ஒருவருக்கு முதல் அரங்கில் குரல் இல்லை, இரண்டாவதில் உடல் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் குறிப்பு சகோதரி அமைப்பின் ‘ரெட் வால்’ திட்டத்தில் கிடைக்கிறது என்று கருதுகிறேன். பால்மாறியவர்கள் தங்கள்மீது நடந்த பாலியல் வன்முறையைத் தாளில் எழுதிச் சிவப்பு உள்ளங்கைத் தடம் பதிக்கிறார்கள்; அந்தத் தாள்கள் சுவராகப் பொதுவெளியில் நிற்கின்றன. எழுதியவர் அங்கே நிற்க வேண்டியதில்லை, முகம் காட்ட வேண்டியதில்லை, வாய் திறக்க வேண்டியதில்லை. உடல் ஒரு முறை தொட்டுவிட்டுப் போனதே நிகழ்வு. பேச்சைக் கடந்த சாட்சியம் சாத்தியம் என்பதற்கு இதுவே போதும். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலி, பேசாதவர்கள் படங்களைத் தொட்டுப் பேச வழிசெய்கிறது. அதன் குரல் கும்மிப் பாட்டின் ஓரடியைப் பாடினால் வட்டத்தில் உள்ள மற்றவர்கள் அதைப் பின்பாட்டாகத் திருப்பிப் பாடத் தடை என்ன?

எந்த வடிவிலிருந்து தொடங்குவது

கும்மியிலிருந்து தொடங்கலாம் என்பது என் துணிபு. வட்டத்துக்கு முன்வரிசை, பின்வரிசை கிடையாது. ஆசிரியர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். தவறவிட்டவர் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். கைதட்டலும் காலடியும் திரும்பத் திரும்ப வருபவை. தனக்குத் தானே ஒரே அசைவைச் செய்து அமைதி தேடிக்கொள்ளும் உடலுக்கு, அந்த அசைவே ஆட்டமாகிவிடும் ஒரு வடிவம் வேறெங்கே கிடைக்கும்? கைதட்டல் திருநங்கையரின் சமூக மொழியும் கூட. தெருவில் இகழப்படும் அந்த ஓசை, வட்டத்துக்குள் தாளமாகப் பெருமை பெறும். கோவையின் நிமிர்வு கலையகம் போன்ற குழுக்கள் பறையைச் சாதிக்கட்டிலிருந்து விடுவித்துப் பலருக்கும் கற்றுத்தந்த அனுபவம் நம் கண்முன் இருக்கிறது. ஒரு தோற்கருவிமேல் ஏற்றப்பட்ட இழிவைக் கற்பவர்களின் கைகளே துடைக்க முடிந்திருக்கிறது.

பாட்டின் உள்ளடக்கத்தை என்ன செய்வது? இதற்கு மட்டக்களப்பு வழிகாட்டுகிறது. சி. ஜெயசங்கரும் சீலாமுனைக் கூத்தர்களும் 2000-களில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கத்தில், பழைய கூத்துகளில் இருந்த சாதி, பால் ஏற்றத்தாழ்வுகள் ஊராரோடு உட்கார்ந்து விவாதிக்கப்பட்டன. ஆடுபவர்களும் கூத்தாசிரியரான அண்ணாவிமாரும் ஊர்ப் பெண்களும் அந்த விவாதத்தில் இருந்தார்கள். நகரத்து நாடகக்காரர் எழுதிக் கொண்டுவந்து திணித்த பிரதி அல்ல அது. வள்ளி கும்மியில் களவு மணமும் உருமாற்றமும் ஏற்கெனவே உள்ளன. முருகன் மரமாகவும் கிழவனாகவும் மாறும் கட்டங்களை ஆடுபவர்கள் தங்கள் உருமாற்றங்களால் நிரப்புவதற்குப் பழைய மெட்டே இடம் கொடுக்கும்.

எதிர்ப்பைவிட நான் அதிகம் அஞ்சுவது வெளிச்சத்தை. சிறுநகரங்களில் பால்புதுமையர் பலர் அடையாளம் தெரியாமல் இருப்பதாலேயே உயிரோடு இருக்கிறார்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு, இத்தகையோரைக் காவல்துறை துன்புறுத்தக் கூடாது என்று கட்டளையிட்டது. உறவினர்களின் கைகளுக்கு அப்படியோர் உத்தரவு இல்லை. ஆகவே ‘எல்லோரும் வாருங்கள், எல்லோரும் பாருங்கள்’ என்ற அழைப்பு இங்கே பொறுப்பற்றது. பயிற்சி மூடிய இடத்தில் நடக்கட்டும், படமெடுப்பது தடுக்கப்படட்டும், பொது நிகழ்வில் கூத்தின் முகவண்ணமும் கிரீடமும் ஆடுபவரின் முகத்தை மறைக்கட்டும். வேடத்தை எப்போது கட்டுவது, எப்போது கலைப்பது என்பதை ஊர் தீர்மானிக்காமல் கட்டியவரே தீர்மானிப்பதுதான் இதில் உயிர்நிலை. அதேபோல் நரம்பியல் பன்மையர் பங்கேற்கும்போது பெற்றோரின் சம்மதம் முதல் படியாக இருக்கலாம், இறுதிச் சொல்லாக இருக்கக் கூடாது. ‘போதும்’ என்று எழுந்து போகும் உரிமையும், ‘இன்னொரு முறை’ என்று அதே சுற்றைக் கேட்கும் உரிமையும் ஆடுபவருக்கே உரியவை. ஓர் அரங்கு அனைவருக்குமானதா என்பதை அழைப்பிதழைப் பார்த்து முடிவு செய்ய இயலாது. நிகழ்வின் நேரத்தையும் ஒலியையும் கதையையும் மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இடமும் சட்டமும் இல்லாமல் இல்லை. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளைச் சீர்மிகு நகரத் திட்டத்தில் மாநகராட்சி மக்கள் கூடுமிடங்களாக மாற்றியிருக்கிறது; தொலைவைத் தரும் திறந்தவெளி அங்கே உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கிய 21 நிலைகளை அங்கீகரிக்கிறது. அதன் 29ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்வில் சமமாகப் பங்குபெறும் உரிமையைக் காக்க அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரைகளாக இருக்கலாகாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சாய்தளத்தோடு அணுகல் முடிந்துவிட்டதாக நினைக்கும் பொறியியல் பார்வை இனிச் சட்டப்படியும் போதாது. பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயா வளாகத்தில் சிறப்புக் கல்விக்கான ஆசிரியர்கள் பயிற்சி பெறுகிறார்கள். அவர்களும் கும்மி ஆசிரியர்களும் திருநங்கையர் கலைக்குழுக்களும் ஒரே வட்டத்தில் உட்கார ஒரு மாலைப்பொழுது போதும்.

கொங்கின் கும்மி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்திரப்பன் பெண்களுக்காக வட்டத்தைத் திறந்தபோது யாரிடமும் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. உங்கள் அடுத்த பயிற்சி வகுப்புக்கு ஒரு திருநங்கையோ, காதுக்கவசம் அணிந்த ஓர் இளைஞரோ வந்து ஓரத்தில் நின்றால், சாதி கேட்காமல், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்காமல், முதல் அடியைச் சொல்லிக்கொடுங்கள். அரங்கேற்ற மேடையில் உறுதிமொழி வாங்குவதை நிறுத்துங்கள்.